பாறையின் வாக்கு

கருங்கல் நிலத்தில் வாழ்பவர்கள் வலதுசாரிகளுக்கும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வாழ்பவர்கள் இடதுசாரிகளுக்கும் வாக்களிப்பார்கள் என்ற ஒற்றை வரிச் சுருக்கமாகத்தான் ஆந்த்ரே சிக்ஃப்ரீத் என்ற பிரெஞ்சு அறிஞரின் பேருழைப்பு இன்று நினைவுகூரப்படுகிறது. 1913இல் வெளிவந்த அவருடைய பெருநூல், பிரான்சின் மூன்றாம் குடியரசில் 1871 முதல் 1910 வரை நடந்த தேர்தல்களின் முடிவுகளை எடுத்துக்கொண்டு, நாட்டின் மேற்கில், நார்மண்டியிலிருந்து பிரிட்டனி வழியாக வான்தே வரை, எந்த வட்டாரம் எந்தப் பக்கம் நின்றது என்று நிறம் தீட்டி, அந்த நிறங்களுக்கான காரணத்தை நிலத்திலும் உடைமையிலும் குடியிருப்பிலும் தேவாலயத்திலும் தேடியது. நூலில் உள்ள வாதம் அந்த வரியைவிட எவ்வளவோ நுட்பமானது. பாறை மனிதனின் கையைப் பிடித்து வாக்குச் சீட்டைப் போடவைக்கிறது என்று சிக்ஃப்ரீத் ஒருபோதும் நம்பியதில்லை. ஆயினும் அந்த வரி மறைய மறுக்கிறது. அது வெறும் பொய்யாக இருந்திருந்தால் எளிதில் கடந்துபோயிருக்கலாம். வான்தேயின் தென்பகுதியில் நிலவியல் வரைபடத்தையும் தேர்தல் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டின் எல்லைக்கோடுகளும் பெரும்பாலும் பொருந்திப்போகின்றன என்பதே தொந்தரவு. தன் மனத்தோடு பேசித் தானே முடிவெடுத்ததாக எண்ணிக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நடந்துபோகும் மனிதனின் முடிவை, அவன் காலுக்கடியில் கிடக்கும் கல்லைப் பார்த்தே இன்னொருவர் சொல்லிவிட முடியும் என்றால், அந்த நடைக்கு என்ன பொருள் என்ற கேள்வி நூறாண்டு கடந்தும் ஆறாமல் கிடக்கிறது.

பாறையிலிருந்து வாக்குக்குச் செல்லும் வழியைச் சிக்ஃப்ரீத் பொறுமையாகவே அமைக்கிறார். கருங்கல் மழைநீரைக் கீழே இறங்கவிடுவதில்லை. நீர் மேல்மண்ணிலேயே தங்கி, சிறு ஊற்றுகளாகவும் ஓடைகளாகவும் எங்கும் கசிந்துகொண்டிருக்கும். ஊற்று எங்கும் இருக்கும் நிலத்தில் வீட்டையும் எங்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ஆகவே பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வயலையும் சுற்றி மண்கரை எழுப்பி, அதன்மேல் மரமும் முட்புதரும் அடர்ந்த உயிர்வேலி வளர்க்கும் இந்த நில அமைப்பைப் பிரெஞ்சு மொழியில் பொக்காஜ் என்கிறார்கள். வேலிகளுக்கு நடுவே பள்ளமாக ஓடும் வண்டிப்பாதையில் குளிர்காலம் முழுவதும் சேறு. இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் இலைச்சுவர். அடுத்த பண்ணையின் நாய் குரைப்பது கேட்கும், பண்ணை கண்ணுக்குத் தெரியாது. அங்கே குடியானவன் வாரத்தில் ஆறு நாள் தன் வீட்டாரைத் தவிர வேறு முகங்களை அதிகம் காண்பதில்லை. ஏழாம் நாள் பூசைக்குப் போகும்போதுதான் ஊர் கூடுகிறது, கூடும் இடம் பாதிரியாரின் முற்றமாக இருக்கிறது. அவன் உழும் நிலம் பெரும்பாலும் அருகிலுள்ள மாளிகையில் வாழும் பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்தது. தவணை முடியும்போது குத்தகையைப் புதுப்பிப்பதும் மறுப்பதும் பிரபுவின் விருப்பம். சுண்ணாம்புக்கல் சமவெளியிலோ நீர் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி ஆழத்தில் மறைந்துவிடுகிறது. ஆழக் கிணறு தோண்டுவது தனியொருவரால் ஆகிற காரியமில்லை என்பதால் கிணற்றைச் சுற்றியே வீடுகள் நெருங்கி நின்று ஊராகின்றன. வேலியில்லாத வெளிர்நிற வயல்கள் கண்ணெட்டும் தூரம் விரிந்து கிடக்கின்றன, மாலையில் மக்கள் தெருவில் நின்று பேசிக்கொள்கிறார்கள், நிலம் சிறு துண்டுகளாக உழுபவர் கையிலேயே இருக்கிறது. நிலத்தை முதற்பொருளாக வைத்து அதன்மேல் கருப்பொருளையும் உரிப்பொருளையும் அடுக்கிய திணை மரபில் ஊறிய தமிழ் வாசகருக்கு இந்தச் சங்கிலி அந்நியமாகத் தோன்றாது. ஆனால் திணை என்பது புலவர்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட வழக்கு. அது திணை மயக்கத்துக்கும் இடம் தந்தது. ஆய்வாளரின் வரைபடமோ உலகத்தில் உள்ளதை உள்ளபடி காட்டுவதாக உரிமை கொண்டாடுவது, ஆதலால் மயக்கங்களை அது எப்படி நடத்துகிறது என்பதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வைச் செய்தவர் தேர்தலை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர் அல்லர். 1875இல் லெ ஹாவ்ர் துறைமுக நகரில் பிறந்த சிக்ஃப்ரீத்தின் தந்தை ழூல், அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றுபோன காலத்தில் பம்பாயில் கிளை தொடங்கி இந்தியப் பருத்தி வணிகத்தில் பொருள் ஈட்டியவர். பின்னர் லெ ஹாவ்ரின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர். மகனோ 1902க்கும் 1910க்கும் இடையே பலமுறை நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு ஒவ்வொரு முறையும் தோற்றார். தோற்ற வேட்பாளர் ஒருவர் வாக்காளரை வையாமல், மக்கள் ஏன் இப்படி வாக்களிக்கிறார்கள் என்று வரைபடத்தின் முன் உட்கார்ந்ததில் மதிக்கத்தக்க ஒரு மனப்பாங்கு இருக்கிறது. அதே இடத்தில் ஓர் ஐயமும் எழாமலில்லை: தேர்தலின் முடிவு மேடைப் பேச்சாலும் வேட்பாளரின் தகுதியாலும் தீர்வதில்லை, வேட்பாளர் பிறப்பதற்கு முன்பே ஊரின் அமைப்பு அதைத் தீர்த்துவிட்டது என்ற எண்ணம் தோற்றவருக்கு ஆறுதலும் தரக்கூடியது, அந்த ஆறுதல் ஆய்வுக்குள் எவ்வளவு கசிந்தது என்று அளக்க வழியில்லை. எப்படியிருப்பினும் அவர் செய்த ஒரு காரியம் அன்று புதியது. மூன்றாம் குடியரசில் கட்சிகள் இன்றுபோல உறுதியான பெயரும் அமைப்பும் கொண்டிருக்கவில்லை. ஒருவர் ஒரு தேர்தலில் பழமைவாதி என்றும் அடுத்ததில் தாராளவாதி என்றும் அதற்கடுத்ததில் குடியரசுவாதி என்றும் தன்னை அழைத்துக்கொள்வார். சிக்ஃப்ரீத் இந்தப் பெயர்ப்பலகைகளை ஒதுக்கிவிட்டு, 1789இன் புரட்சியை ஏற்பவர் யார், பிரபுவும் பாதிரியாரும் மேலே நிற்கும் படிநிலையைக் காக்க விரும்புபவர் யார் என்ற ஒற்றைக் கேள்வியால் வேட்பாளர்களைப் பிரித்தார். பிரித்தவுடன் கலங்கிய நீர் தெளிந்ததுபோல நாற்பதாண்டுத் தேர்தல்களின் அடியில் அசையாத ஒரு கோடு தெரிந்தது. அந்த நிலைத்தன்மைக்கு அவர் தட்பவெப்பம் என்ற உருவகத்தைக் கையாண்டார். நாளுக்கு நாள் வானிலை மாறினாலும் ஒரு வட்டாரத்தின் தட்பவெப்பம் மாறாததுபோல, தேர்தலுக்குத் தேர்தல் ஏற்ற இறக்கம் இருந்தாலும் வட்டாரத்தின் அரசியல் இயல்பு மாறுவதில்லை என்பது அதன் பொருள். அழகான உருவகம் என்பதாலேயே அதைச் சற்றுத் தயக்கத்தோடு அணுகவேண்டியிருக்கிறது. தட்பவெப்பம் என்பது கடந்துபோன நாட்களின் சராசரி. சராசரி எந்த ஒரு நாளையும் உண்டாக்குவதில்லை. வட்டாரம் இப்படி வாக்களிப்பதற்குக் காரணம் அதன் இயல்பு என்று சொல்லி, அந்த இயல்பு என்னவென்று கேட்டால் அது இப்படி வாக்களிப்பதுதான் என்று காட்டும்போது விளக்கம் தன் வாலையே பிடித்துச் சுற்றத் தொடங்குகிறது. சிக்ஃப்ரீத் சில இடங்களில் பிரெத்தோனியரின் இனத்தன்மை, நார்மானியரின் இனத்தன்மை என்ற சொற்களைத் துணைக்கு அழைப்பதும், பிற்காலத்தில் நாட்டுக்கு நாடு மக்களின் ஆன்மா வேறு என்று நூல் எழுதியதும் இந்தச் சுழற்சியிலிருந்து தவறான பக்கமாக வெளியேறிய வழிகள் என்றே சொல்லவேண்டும்.

சிக்ஃப்ரீத் மறைந்த மறு ஆண்டு, 1960இல், போல் புவா என்ற வரலாற்றாசிரியர் மேற்குப் பிரான்சின் குடியானவர்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அவர் முழு மேற்கையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஓரத்தில் உள்ள சார்த் என்ற ஒரே மாவட்டத்துக்குள் இறங்கினார். அந்த மாவட்டத்தின் மேற்குப் பாதி வலதுசாரி, தென்கிழக்குப் பகுதி இடதுசாரி, இடையே கூர்மையான எல்லை. சிக்ஃப்ரீத்தின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த எல்லையில் வைத்துப் பார்த்த புவா, பிரபுக்களின் நிலவுடைமையோ குடியிருப்பின் சிதறலோ அந்தக் கோட்டோடு பொருந்திவரவில்லை என்று கண்டார். பொருந்திவந்தது 1790களில் நடந்த ஒரு நிகழ்ச்சி. புரட்சி அரசு திருச்சபையின் நிலங்களைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டபோது, மேற்குப் பகுதியில் ஓரளவு வளமாக இருந்த குடியானவர்கள் தாங்கள் நெடுங்காலம் கண்வைத்திருந்த அந்த நிலங்கள் நகரத்து வசதிக்காரர்களின் கைக்குப் போவதைப் பார்த்தார்கள். தென்கிழக்கில் மண் மெலிந்தது, அங்கே தறி நெய்து பிழைத்தவர்கள் நகரத்து வணிகர்களோடு நாளும் உறவு கொண்டிருந்தார்கள், நகரத்தின் மீது அவர்களுக்கு அந்த அளவு காழ்ப்பு இல்லை. 1793 மார்ச்சில் மூன்று லட்சம் பேரைப் படைக்குத் திரட்டும் ஆணை வந்தபோது மேற்கெங்கும் வெடித்த கிளர்ச்சியில் ஒரு பகுதி புரட்சிக்கு எதிராக எழுந்தது, மற்றது எழவில்லை. அந்தப் பிளவு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வாக்குப் பெட்டியில் தெரிந்தது. நிலத்தின் இடத்தில் நிகழ்ச்சியை வைத்த இந்த மாற்றம் மனித மாண்பைக் காப்பாற்றுவதுபோல முதலில் தோன்றுகிறது. பாறை சொன்னபடி நடந்தவர்களாக அல்லாமல், தமக்கு இழைக்கப்பட்டதாகக் கருதிய ஒன்றை மறக்க மறுத்தவர்களாக அக்குடியானவர்கள் இங்கே காட்சி தருகிறார்கள். ஆனால் ஏலத்தையும் போரையும் கண்ணால் கண்டவர்கள் இறந்து, அவர்களின் பேரப்பிள்ளைகளும் இறந்த பிறகு, யாருக்கும் நேரடியாக நினைவில் இல்லாத ஒரு காயம் எதில் தங்கியிருக்கிறது? குழந்தைக்குச் சொன்ன கதையிலா, எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்வது என்ற முடிவிலா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் எந்தக் கடைவாசலில் நிற்பது என்ற பழக்கத்திலா? காரணம் நின்றுபோன பின்னும் விளைவு தன்னைத் தானே சுமந்துகொண்டு வருகிறது என்று சொல்லலாம். ஆனால் அது எந்தத் தோளில் ஏறி வருகிறது என்பதை எந்த வரைபடமும் காட்டியதில்லை.

சிக்ஃப்ரீத்தின் நூல் வெளிவந்த அதே 1913ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிரான்சில் ஒரு சட்டம் நிறைவேறியது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான உறை தரப்படவேண்டும், சீட்டை உறையில் இடுவதற்குப் பிறர் கண்ணில் படாத மறைப்பறைக்குள் அவர் தனியே செல்லவேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் தற்செயல் பொருத்தத்தை எளிதில் கடந்துவிட முடியவில்லை, ஏனெனில் அதன்படி சிக்ஃப்ரீத் எண்ணிய தேர்தல்களில் ஒன்றுகூட மறைப்பறையில் நடந்ததில்லை. அந்நாட்களில் வாக்குச் சீட்டைத் தருபவர்கள் வேட்பாளரின் ஆட்கள். வாக்காளர் அதை மடித்துக்கொண்டுபோய்ச் சாவடித் தலைவரின் கையில் கொடுக்க, அவர் அதைப் பெட்டியில் போடுவார். தாள் சற்றுத் தடிப்பாகவோ சற்று மஞ்சளாகவோ இருந்தால் போதும், மடிப்புக்குள் இருக்கும் பெயரை வெளியிலிருந்தே படித்துவிடலாம். பல சிற்றூர்களில் அந்தத் தலைவர் மேயராகவும், மேயர் பிரபுவாகவும் இருந்தார். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்த 1848ஆம் ஆண்டின் ஏப்ரலில், நார்மண்டியின் முனையில் உள்ள தம் ஊர்மக்களோடு அரசியல் சிந்தனையாளர் தோக்வில் வாக்களிக்க நடந்துபோனதை அவரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: ஆண்கள் எல்லோரும் பெயரின் அகரவரிசைப்படி அணிவகுத்து நடந்தார்கள், வழியில் ஒரு மேட்டில் நின்று அவர் அவர்களிடம் பேசினார், ஏறத்தாழ எல்லோரும் ஒரே வேட்பாளருக்கு வாக்களித்ததாக அவர் கருதினார். அந்த மேடு சிக்ஃப்ரீத்தின் வரைபடத்துக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் கருங்கல் நிலத்தில் தெரிந்த நிறம் மக்களின் விருப்பமா, அல்லது யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதன் தடமா? சிதறிய பண்ணையில் தனியே வாழும் குத்தகைக்காரனுக்கு மறைவிடம் மிகுதி என்றுதான் தோன்றும். உயர்ந்த வேலி, வளைந்த பாதை, யாரும் எட்டிப் பார்க்காத முற்றம். உண்மையில் அவனே மிகுதியாகப் பார்க்கப்பட்டவன், ஏனெனில் அவனைப் பார்க்கும் கண்கள் இரண்டே இரண்டு, இரண்டும் அவன் வாழ்வைத் தீர்மானிப்பவை. நெருங்கிய வீடுகள் கொண்ட சுண்ணாம்புக்கல் ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், அதனால் எந்தக் கண்ணும் தனியதிகாரம் பெறவில்லை. இந்த எண்ணம் நிறைவு தருகிறது. நிறைவு தரும்போதே அதைச் சந்தேகிக்கவும் வேண்டியிருக்கிறது. மறைப்பறை வந்தபின் 1914இல் நடந்த தேர்தலிலும், அதற்குப் பின் இரண்டு தலைமுறைக் காலம் நடந்த தேர்தல்களிலும், மேற்கின் கருங்கல் வட்டாரங்கள் பெரும்பாலும் பழைய பக்கமே நின்றன. கண்காணிப்பு விலகிய பின்னும் கைகள் பழகிய இடத்துக்கே சென்றன என்றால், அச்சம் விருப்பமாக உறைந்துவிட்டது என்பதா, தொடக்கத்திலிருந்தே அது விருப்பம்தான் என்பதா என்று பிரித்தறிய எண்களால் முடியாது.

எண்ணப்பட்டவற்றைப் பற்றிய ஐயத்தைவிட எண்ணப்படாதவற்றைப் பற்றிய ஐயம் இன்னும் ஆழமானது. சிக்ஃப்ரீத்தின் வரைபடத்தில் நிறம் பெற்ற ஒவ்வொரு ஊரிலும் பாதிப்பேருக்கு வாக்கு இல்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் வந்தது, அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல். வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், ஆசிரியரின் தாய் ழூலி சிக்ஃப்ரீத் 1912 முதல் பிரெஞ்சுப் பெண்களின் தேசிய மன்றத்துக்குத் தலைவராக இருந்து அந்த உரிமைக்காகவே போராடி, அதைக் காணாமலே 1922இல் இறந்தவர். மகன் மேற்கு நாட்டின் அரசியல் இயல்பைப் பற்றி எழுதியபோது, அந்த இயல்பைக் காத்து வளர்த்ததாக எல்லோரும் நம்பிய தேவாலயத்தின் இருக்கைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தும், கணக்கில் அவர்கள் ஒரு புள்ளியாகவும் இல்லை. எண்ணப்படாதவர்கள் எண்ணிக்கையை எப்படி வளைக்கிறார்கள் என்பதை வேறொரு நாட்டில் முகத்துக்கு நேராகக் கண்டவர் அமெரிக்க அரசியலறிஞர் வி. ஓ. கீ. உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற பதினொரு தென்மாநிலங்களின் அரசியலைப் பற்றி 1949இல் வெளியான அவருடைய நூல், தேர்தல் எண்களோடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட நேர்காணல்களையும் சேர்த்து எழுதப்பட்டது. பெரும் பருத்திப் பண்ணைகள் இருந்த, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாகவோ அதற்கு நெருங்கியோ வாழ்ந்த கருமண் பட்டையில், வாக்களிக்க வரி, எழுத்தறிவுச் சோதனை, வெள்ளையருக்கு மட்டுமான கட்சி முதல்கட்டத் தேர்தல் என்ற தடைகளால் அம்மக்கள் வாக்குப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தப் பட்டையின் வெள்ளையர்களே தெற்கு முழுவதன் அரசியலையும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்பது கீயின் மையக் கண்டுபிடிப்பு. வாக்கில்லாதவர்களின் இருப்பே வாக்குள்ளவர்களின் கைகளை நடத்தியது. அலபாமாவில் அந்தக் கருமண்ணுக்கு அடியில் கிடப்பது பழங்கடல் ஒன்று விட்டுச்சென்ற சுண்ணாம்புப் பாறை. 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் அதே பாறையின் மேல் வரைபடத்தின் நிறம் தலைகீழாக மாறியது. மண்ணில் எதுவும் மாறவில்லை, பட்டியலில் சேர்ந்த பெயர்கள்தான் மாறின.

வட்டாரத்தைப் பார்த்து மனிதரைச் சொல்லும் பழக்கத்துக்கு எதிரான மிகக் கடுமையான எச்சரிக்கை 1950இல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் வந்தது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு அவர் வெளிநாட்டில் பிறந்திருப்பதற்கும் எழுதப் படிக்கத் தெரியாமலிருப்பதற்கும் உள்ள தொடர்பை இரண்டு வழிகளில் கணக்கிட்டார். மாநிலங்களை அலகாக வைத்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. தொடர்பைக் குறிக்கும் எண் கழித்தல் 0.53 அளவுக்கு இறங்கியது. தனிமனிதர்களை அலகாக வைத்தால் அதே தொடர்பு கூட்டல் 0.12 என்று திசையே மாறியது, ஏனெனில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் குடியேறியிருந்தார்கள். திரளுக்குப் பொருந்துவதைத் தனியாளுக்கும் பொருந்துவதாகக் கொள்ளும் இந்தப் பிழையை அறிந்த பிறகு சிக்ஃப்ரீத்தின் பக்கங்களைத் திரும்பப் படித்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது. பிரபுவின் நிலம் மிகுந்த ஊரில் வலதுசாரி வாக்கு மிகுதி என்பது உண்மையாக இருக்கலாம். அந்த ஊரில் வலதுசாரிக்கு வாக்களித்தவர்கள் பிரபுவின் குத்தகைக்காரர்கள்தாமா, அல்லது குத்தகைக்காரர்களைக் கண்டு அஞ்சிய சிறு நிலவுடைமையாளர்களா, அல்லது யாரோடும் சேராத கொல்லனும் தச்சனுமா என்று அந்த எண் சொல்வதில்லை. வாக்கு மறைவானது என்பதால் அந்த இடைவெளியை ஆய்வாளர் முழுதாக நிரப்ப எந்நாளும் முடியாது. முடியாமலிருப்பதுதான் வாக்காளருக்குப் பாதுகாப்பு. அறிவுக்குக் குறையாகத் தெரிவதே உரிமைக்கு அரணாக நிற்கும் இந்த இடத்தில் தேர்தல் ஆய்வு என்ற துறை முழுவதும் சற்றுத் தலைகுனிந்து நிற்கவேண்டியிருக்கிறது.

அந்த அரண் எவ்வளவு மெல்லியது என்பதை இந்தியாவில் காணலாம். ஒவ்வொரு தொகுதியின் முடிவும் படிவம் 20 என்ற தாளில் வாக்குச்சாவடி வாரியாகப் பதிவாகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்ட ஒரு சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்பது யாருக்கும் கிடைக்கும். சிக்ஃப்ரீத் கைக்கு இப்படி ஒரு பொருள் கிடைத்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று தோன்றும்போதே, அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தெரு நமக்குப் போடவில்லை, இந்தக் குடியிருப்பு நமக்குப் போடவில்லை என்று விரல் நீட்டும் பூத் ஏஜென்ட்டின் முகமும் தோன்றுகிறது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நிலத்தில் சாவடியின் எல்லை பல இடங்களில் சாதியின் எல்லையாகவும் அமைந்துவிடுகிறது. தனியாளின் வாக்கு மறைந்திருக்கும், அவர் குடியிருப்பின் வாக்கு வெட்டவெளியில் நிற்கும். வாக்குச் சீட்டுக் காலத்தில், அச்சுறுத்தல் நேரலாம் என்று தேர்தல் ஆணையம் கருதிய தொகுதிகளில் பல பெட்டிகளின் சீட்டுகளை எண்ணும் முன் கலந்துவிட விதியில் இடமிருந்தது; இயந்திரங்கள் வந்தபின் ஒவ்வொன்றும் தனித்தனியே தன் எண்ணிக்கையைக் காட்டத் தொடங்கியது. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டி மொத்தத்தை மட்டும் காட்டும் கருவியை ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015இல் அதை ஆதரித்தது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் யாருக்குப் பிந்தி வரும் என்பது அந்தத் தாளைப் பார்த்து முடிவாகக்கூடும் என்றால், வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அனைவரும் ஆய்வாளர்கள் அல்லர் என்பதை ஆய்வாளர்கள் மறக்கக்கூடாது. ஓர் ஊரின் நிறத்தைத் துல்லியமாகத் தீட்டும் ஒவ்வொரு கோடும் அந்த ஊரை யாருக்கோ காட்டிக்கொடுக்கும் கோடாகவும் ஆகலாம் என்பது இத்துறையில் போதுமான அளவு பேசப்படவில்லை.

மேற்குப் பிரான்சில் பின்னர் நிகழ்ந்தவை இந்த ஐயங்களைத் தீர்த்துவைக்கவில்லை, வேறு இடத்துக்கு நகர்த்தின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், டிராக்டருக்கு வழிவிடச் சிதறிய வயல்களை ஒன்றுசேர்க்கும் அரசுத் திட்டத்தில் பொக்காஜின் வேலிகள் பெருமளவு வேரோடு பிடுங்கப்பட்டன. கத்தோலிக்க இளம் உழவர் இயக்கத்தில் பயின்ற தலைமுறை கூட்டுறவுகளையும் சங்கங்களையும் கட்டியது. பூசைக்குச் செல்வோர் குறைந்தார்கள். நெடுங்காலம் வலதுசாரியாக இருந்த பிரிட்டனி 1970களுக்குப் பின் மெல்ல மெல்ல சோசலிஸ்டுகளின் பக்கம் சாய்ந்தது. வான்தேயோ அப்படிச் சாயவில்லை. இரண்டுக்கும் அடியில் அதே பாறை. பாதிரியாரின் முற்றத்தில் கூடிப் பழகியவர்களே கூட்டுறவின் முற்றத்தில் கூடினார்கள், கூடும் பழக்கம் நீடித்தது, கூடும் இடம் மாறியது என்று ஒரு விளக்கம் சொல்லத் தோன்றும். அது பிரிட்டனிக்குப் பொருந்தும்போதே வான்தேயில் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கும். சிக்ஃப்ரீத்திடமே இதற்கு முன்பு ஒருமுறை இத்தகைய கேள்வி வந்திருக்கிறது. 1949இல், தம் முதுமையில், அவர் மேற்கை விட்டுத் தென்கிழக்கில் உள்ள ஆர்தேஷ் என்ற மலை மாவட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் தேர்தல்களை உயரத்தின்படி ஆராய்ந்தார். பள்ளத்தாக்கும் தாழ்ந்த சரிவுகளும் இடதுசாரி, ஏற ஏற வலதுசாரி, குளிர்காற்று வீசும் உச்சிப் பீடபூமி முழுமையான வலதுசாரி என்று பழைய முறை மீண்டும் வெற்றி பெறுவதுபோலத் தோன்றியது. ஆனால் புராட்டஸ்டண்ட் ஊர்கள் அந்த ஏணியில் ஏற மறுத்தன. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அவை இடதுசாரியாகவே நின்றன. 1685இல் பதினான்காம் லூயி அவர்களின் வழிபாட்டுரிமையைப் பறித்து, போதகர்களை நாடுகடத்தி, படைவீரர்களை வீடுகளுக்குள் குடியேற்றிய காலத்திலிருந்து அரசனும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தார்கள். குடியரசு அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. சிக்ஃப்ரீத் புராட்டஸ்டண்ட் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் அதே ஆர்தேஷில் பிறந்த போதகர். வான்தேயில் நீர் எங்கே தங்குகிறது, எங்கே இறங்கி மறைகிறது என்று பார்த்துத் தொடங்கியவர், எழுபதைக் கடந்த வயதில், ஒரே உயரத்தில் ஒரே கல்லின்மேல் அருகருகே நிற்கும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு வேறு நிறங்களைத் தீட்டவேண்டியிருந்தது.